போய்ப் பார்த்தால் காயம் ஆறுமா? அமெரிக்கத் தெற்கின் சிவில் உரிமைத் தலங்களுக்குச் சேர்ந்து போவது பற்றி

கேள்வி இதுதான். அட்லாண்டாவில் வேலை பார்க்கும் ஒரு நண்பர் கேட்கிறார்: அலுவலகத்தில் கறுப்பர், வெள்ளையர், இந்தியர் என்று 14 பேர் சேர்ந்து, அலபாமா, மிசிசிப்பி பக்கம் சிவில் உரிமைப் போராட்டம் நடந்த இடங்களுக்கு நாலு நாள் போய்வரலாம் என்று இருக்கிறோம், இனங்களுக்கு நடுவே இருக்கும் பழைய காயம் ஆறுவதற்கு இதெல்லாம் உதவுமா, இல்லை போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவதோடு முடிந்துவிடுமா, போவதானால் எங்கெங்கே போவது?

நான் அந்தப் பாதையில் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் தடவை குடும்பத்தோடு, சும்மா ஊர் பார்க்க. அப்புறம் இரண்டு தடவை எங்கள் பகுதியில் உள்ள ஒரு கலப்புக் குழுவோடு. முதல் தடவை எனக்கு வந்தது துக்கம் மட்டும்தான், வீடு திரும்பிய வாரமே அது வடிந்துவிட்டது. அடுத்த இரண்டு பயணங்கள் என்னை வேறு மாதிரி உலுக்கின, அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இடத்துக்கென்று தனியாக ஆற்றும் சக்தி எதுவும் கிடையாது என்பது என் எண்ணம். தன் மண்ணில் நடந்ததை ஓர் ஊர் தானே வாய்திறந்து சொல்லியிருந்தால், அங்கே போய் நிற்கிறவர்களுக்கும் பேச வாய் வருகிறது. ஆகவே எது பிரபலமான இடம் என்று பார்க்காதீர்கள், எந்த ஊர் பேசியிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பாவ அறிக்கை செய்வதை ஒப்புரவு அருட்சாதனம் என்பார்கள். சொல்லி ஒப்புக்கொள்வது முன்னால், உறவு சேர்வது பின்னால். இந்த விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கணக்கில் நான் முதலில் சொல்லும் ஊர், மிசிசிப்பி டெல்டாவில் பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கும் சம்னர். ரொம்பச் சின்ன ஊர். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த எம்மெட் டில் என்ற 14 வயதுப் பையன், பக்கத்தில் மணி என்ற ஊரின் மளிகைக் கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் முறைதவறி நடந்துகொண்டான் என்று சொல்லி, 28-ம் தேதி விடிவதற்கு முன்னால் அவனுடைய தாத்தா முறை உறவினர் மோஸ் ரைட்டின் வீட்டுக்குள் புகுந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அடித்துச் சிதைத்து, சுட்டுக் கொன்று, பருத்தி அரைவை ஆலையின் கனத்த விசிறியைக் கழுத்தில் கட்டி ஆற்றில் போட்டார்கள். மகன் முகத்தை உலகம் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்னார் அம்மா மேமி டில். கொலைக்குற்றம் சாட்டப்பட்ட வெள்ளைக்காரர்கள் இருவர் மேல் சம்னர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, அந்த வெள்ளைக்காரர்களைக் கைநீட்டிக் காட்டினார். அந்தக் காலத்து மிசிசிப்பியில் ஒரு கறுப்பர் அப்படிச் செய்வது உயிரைப் பணயம் வைப்பதுதான். ஜூரி 12 பேரும் வெள்ளை ஆண்கள். 67 நிமிடத்தில் இருவரையும் விடுவித்தார்கள். ஒரே குற்றத்துக்கு மறுபடி வழக்கு போட முடியாது என்ற தைரியத்தில், சில மாதங்களில் அந்த இருவரும் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பத்திரிகையிடம் ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள்.

அதற்கப்புறம் சுமார் 50 வருடம் அந்த ஊர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. 2006-ல்தான் சம்னர் இருக்கும் டல்லஹாச்சி கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) மேற்பார்வையாளர் குழுவுக்குத் தலைவரான முதல் கறுப்பினத்தவர் ஜெரோம் லிட்டில், கறுப்பரும் வெள்ளையரும் சரிபாதியாக இருக்கும் ஒரு நினைவுக் குழுவை அமைத்தார். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் விண்டர் இன ஒப்புரவு நிறுவனம் அவர்களை உட்கார வைத்துப் பேச வைத்தது. 2007 அக்டோபர் 2 அன்று, அதே நீதிமன்றத்தின் முன்னால், எம்மெட்டின் குடும்பத்தார் இருக்க, கவுண்டி மக்களின் பெயரால் ஒரு மன்னிப்புத் தீர்மானம் வாசிக்கப்பட்டது. உண்மையைச் சொல்வதில்தான் இன ஒப்புரவு தொடங்குகிறது என்பது அதில் ஒரு வரி. நீதிமன்றத்தையும் 1955-ல் இருந்த மாதிரியே திருத்திக் கட்டியிருக்கிறார்கள். எதிரே எம்மெட் டில் விளக்க மையம் இருக்கிறது, முன்னாலேயே சொல்லிவிட்டுப் போங்கள்.

நாங்கள் போனபோது அந்த நீதிமன்ற அறையில், ஜூரி உட்கார்ந்த பக்கத்திலும் பொதுமக்கள் உட்கார்ந்த பக்கத்திலுமாகப் பிரிந்து உட்கார்ந்து, அந்தத் தீர்மானத்தை ஆளுக்கு ஒரு வரியாக உரக்க வாசித்தோம். கேட்க இது பள்ளிக்கூடப் பயிற்சி மாதிரி இருக்கும். ஆனால் 'உங்கள் பிள்ளைக்கு இங்கே நேர்ந்ததற்காக ஆழ்ந்து வருந்துகிறோம்' என்ற பொருள்படும் வரி எங்கள் குழுவிலேயே வயதான வெள்ளைக்காரர் ஒருவருக்கு வந்தது. அவர் அதை வாசிக்க மூன்று தடவை தொடங்க வேண்டியிருந்தது. அதுவரை வண்டியில் காலநிலை, கால்பந்து என்று பேசிக்கொண்டு வந்தவர்கள், அன்று இரவுச் சாப்பாட்டில் தங்கள் தாத்தாக்கள் என்ன செய்தார்கள், எதைப் பார்த்தும் பேசாமல் இருந்தார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். நான் மியூசியங்களில் எவ்வளவோ நேரம் செலவழித்திருக்கிறேன், இப்படி ஒன்றை எங்கும் பார்த்ததில்லை.

அதே நாளில் கிரேபால் லேண்டிங் என்ற ஆற்றங்கரைக்கும் போங்கள். எம்மெட்டின் உடல் கரையேற்றப்பட்ட இடம் என்று அங்கே 2008-ல் ஒரு பலகை வைத்தார்கள், அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது பலகையைத் துப்பாக்கியால் சுட்டுச் சல்லடையாக்கினார்கள், மூன்றாவதையும் சுட்டார்கள். 2019-ல் குண்டு துளைக்காத பலகை வைத்தார்கள், இன்று நீங்கள் பார்ப்பது அதைத்தான். மன்னிப்பு வாசித்த அதே கவுண்டியில்தான் இதுவும் நடந்தது. இந்த இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது குழுவுக்கு நல்லது, ஏனென்றால் ஒரு தீர்மானம் வாசித்ததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துக்கொண்டு திரும்ப மாட்டார்கள். 2023-ல் இந்த ஆற்றங்கரை, நீதிமன்றம், சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயம் மூன்றையும் சேர்த்து எம்மெட், மேமி இருவர் பெயரிலும் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார்கள்.

ஒப்புரவு எவ்வளவு கடினம் என்பதற்கு லிட்டில் ராக் கதையையும் சொல்ல வேண்டும், உங்கள் நாலு நாளில் அர்கன்ஸா வராது என்றாலும். 1957 செப்டம்பர் 4 அன்று, அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த சென்ட்ரல் ஹைஸ்கூலுக்குத் தனியாக நடந்துபோன 15 வயதுக் கறுப்பினப் பெண் எலிசபெத் எக்ஃபோர்டையும், பின்னால் வாய் கோணக் கத்தும் ஹேசல் பிரையன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணையும் அந்தப் புகழ்பெற்ற போட்டோவில் பார்த்திருப்பீர்கள். சில வருடங்களிலேயே ஹேசல் எலிசபெத்துக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். 1997-ல், 40-ம் ஆண்டு நினைவின்போது இருவரும் நேரில் சந்தித்து, அதே பள்ளிக்கு முன்னால் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், கொஞ்ச காலம் உண்மையாகவே தோழிகளாகவும் இருந்தார்கள். அந்தப் படம் 'ஒப்புரவு' என்ற தலைப்போடு போஸ்டராக விற்றது. ஆனால் நட்பு நிற்கவில்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று ஊர் சொல்லிக்கொள்வதை எலிசபெத்தால் ஏற்க முடியவில்லை, தன்மேல் இரண்டு பக்கமும் வந்த சந்தேகத்தை ஹேசலாலும் தாங்க முடியவில்லை. பிறகு அந்த போஸ்டரில் எலிசபெத் விருப்பப்படி ஒரு சிறு ஒட்டுத்தாள் சேர்ந்தது: வேதனையான, ஆனால் நம் எல்லோருக்கும் பொதுவான கடந்த காலத்தை நேர்மையாக ஒப்புக்கொண்டால்தான் உண்மையான ஒப்புரவு வரும் என்று. அவசரப்பட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டாம் என்று நான் குழுக்களிடம் கெஞ்சுவது இதனால்தான். கடைசி நாள் எல்லோரும் கைகோத்துப் பாடி முடிக்க வேண்டும் என்று யாராவது திட்டம் போட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரி, பாதை. முதல் நாள் பர்மிங்ஹாம், இரண்டாம் நாள் முழுக்க சம்னர், மூன்றாம் நாள் செல்மா, நாலாம் நாள் மான்ட்கமரி பார்த்துவிட்டு அட்லாண்டா. வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அதிகம்தான், ஆனால் பேச்சு நடப்பதே அங்கேதான், எனவே மூன்று காராகப் பிரியாமல் ஒரே வேன் எடுங்கள். இன்னொரு நாள் கிடைத்தால் மெம்பிஸ். சிவில் உரிமைத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லோரெய்ன் மோட்டல் இப்போது மியூசியம். குப்பை வண்டிக்குள் நசுங்கி இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள் செத்ததால் வெடித்த வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்கத்தான் கிங் அங்கே போயிருந்தார் என்பதைக் குழுவுக்கு மறக்காமல் சொல்லுங்கள்.

பர்மிங்ஹாமில் 16-வது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தையும் எதிரே கெல்லி இன்கிரம் பூங்காவையும் அரை நாளில் பார்த்துவிடலாம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, குண்டுவெடிப்பில் நாலு சிறுமிகள் இறந்த இடம். ஒன்று மட்டும் கவனியுங்கள். குண்டு வைத்தவர்களில் ஒருவனுக்குத் தண்டனை கிடைத்தது 1977-ல், வேறு இருவருக்கு 2001-லும் 2002-லும். அதாவது இந்த வழக்கு முடிந்தபோது உங்கள் அலுவலகத்தில் பாதிப் பேர் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். பழைய கதை எதற்கு என்று யாராவது கேட்டால் இந்த வருடங்களைச் சொன்னால் போதும்.

செல்மாவில் எல்லோரும் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் நடந்து, நடுவில் நின்று செல்ஃபி எடுத்து, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 1965 மார்ச் 7 அன்று ஓட்டுரிமை கேட்டு நடந்த சுமார் 600 பேரைப் போலீஸ் தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் குதிரைகளாலும் துரத்தியடித்த பாலம் அது. பாலத்தின் பெயரோ, அடிமை முறைக்காகப் போரிட்ட படையின் தளபதியாகவும் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் தலைவராகவும் இருந்தவருடையது. இன்னும் அதே பெயர்தான். ஆனால் பாலத்தைவிட ஊரைப் பாருங்கள். 1960-ல் 28,000 பேர் இருந்த ஊர், 2020 கணக்கெடுப்பில் 18,000-க்கும் கீழே. 2023 ஜனவரியில் ஒரு சூறாவளி வேறு ஊருக்குள் புகுந்து வீடுகளைப் பிய்த்துப் போட்டது. உலகத்துக்கே ஓட்டுரிமையின் அடையாளமாக இருக்கும் ஊர், தன் தெருக்களில் பூட்டிய கடைகளோடு நிற்கிறது. அங்கே தங்குங்கள், அங்கே சாப்பிடுங்கள், ஊர்க்காரர் ஒருவரை வழிகாட்டியாக வைத்து அவருக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுங்கள். அந்த ஊர்வலத்தில் நடந்தவர்களில் சிலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள், வயது எழுபது, எண்பது ஆகிவிட்டது, பேசக் கிடைத்தால் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை. மார்ச் முதல் வாரக் கொண்டாட்டத்தின்போது போகாதீர்கள், அரசியல்வாதிகளின் கூட்டத்தில் யாரும் உங்களோடு உட்கார்ந்து பேச மாட்டார்கள்.

செல்மாவிலிருந்து மான்ட்கமரிக்கு 54 மைல் ஊர்வலம் போன 80-ம் நெடுஞ்சாலையிலேயே நீங்களும் போவீர்கள். நடுவில் லௌண்டஸ் கவுண்டி. பெரும்பாலும் கறுப்பினத்தவர் வாழ்ந்த அந்தக் கவுண்டியில், 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. ஒருவர்கூட! ஓட்டுரிமைச் சட்டம் வந்து பெயர் பதிவு செய்தவர்களை நிலச் சொந்தக்காரர்கள் குடிசையைவிட்டு விரட்ட, அவர்கள் வருடக்கணக்கில் கூடாரங்களில் வாழ்ந்தார்கள். அந்த இடத்தில் தேசியப் பூங்காத் துறை ஒரு சின்ன விளக்க மையம் வைத்திருக்கிறது, பெரும்பாலானோர் நிற்காமல் போய்விடும் இடம். ஊர்வலத்துக்கு வந்தவர்களைக் காரில் கொண்டுபோய் விட்டுக்கொண்டிருந்த வயோலா லியுஸோ என்ற ஐந்து குழந்தைகளின் தாய், டெட்ராய்ட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர், மார்ச் 25 இரவு இதே சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. உங்கள் குழுவில் உள்ள வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தில் கட்டாயம் இறங்கட்டும். தங்கள் பக்கத்திலும் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்ள முன்னோர் உண்டு என்று தெரிந்தால், குற்ற உணர்வில் கூனிக் குறுகாமல் பேச முடிகிறது என்பதை இரண்டு பயணத்திலும் பார்த்தேன்.

மான்ட்கமரியில் இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன். ஒன்று, ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் தேவாலயம். 1961 மே மாதம் விடுதலைப் பயணிகள், அதாவது பஸ்களில் இருந்த இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பரும் வெள்ளையருமாகச் சேர்ந்து பயணம் செய்தவர்கள், மான்ட்கமரி பஸ் நிலையத்தில் வந்து இறங்கியபோது போலீஸ் கண்ணில் படாமல் ஒதுங்கிக்கொண்டது, பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் லூயிஸையும் மற்றவர்களையும் வெள்ளைக்காரக் கும்பல் ஒன்று அடித்து வீழ்த்தியது. மறுநாள் மக்கள் கூடியிருந்த இந்தத் தேவாலயத்தையும் கும்பல் சூழ்ந்துகொண்டது. 2013-ல், நாடாளுமன்ற உறுப்பினர்களை அழைத்துக்கொண்டு இதே மாதிரி ஒரு பயணமாக லூயிஸ் அங்கே வந்திருந்தார். அப்போதைய போலீஸ் தலைவர் கெவின் மர்ஃபி எழுந்து, அன்று எங்கள் துறை உங்களைக் காக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டு, தன் சட்டையிலிருந்த பேட்ஜைக் கழற்றி லூயிஸ் கையில் கொடுத்தார். லூயிஸ் அழுதுவிட்டார். அத்தனை தடவை கைதாகி அடிபட்ட மனிதரிடம் ஒரு போலீஸ் தலைவர் மன்னிப்புக் கேட்டது அதுதான் முதல் தடவை. மர்ஃபி அடித்தவர் கிடையாது. ஆனால் அந்தப் பேட்ஜ் அவர் சட்டையில் இருந்தது. நான் செய்யாத குற்றத்துக்கு நான் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற கேள்வி உங்கள் வேனில் வரும், நிச்சயமாக வரும், அப்போது வாதம் செய்யாமல் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, 2018-ல் திறந்த அமைதிக்கும் நீதிக்குமான தேசிய நினைவிடம். 1877 முதல் 1950 வரை கும்பல்களால் கொல்லப்பட்ட 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவருக்காக, கவுண்டிக்கு ஒன்றாக 800-க்கும் மேற்பட்ட துருநிற இரும்புத் தூண்கள். உள்ளே போகும்போது தூண்கள் கண்ணுக்கு நேராக நிற்கும், பெயர்களை வாசித்துக்கொண்டே நடப்போம், தரை மெல்ல மெல்லச் சரிய, கொஞ்ச தூரத்தில் அதே தூண்கள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். நகரத்துக்குள் இருக்கும் லெகசி மியூசியத்தில், கொலை நடந்த இடங்களிலிருந்து மக்கள் அள்ளிவந்த மண்ணைக் கண்ணாடி ஜாடிகளில் பெயரெழுதி வரிசையாக வைத்திருக்கிறார்கள், செம்மண், கரிசல், மணல் என்று ஒவ்வொரு ஜாடியும் ஒரு நிறம். எங்கள் குழுவில் வந்த ஒரு கறுப்பினப் பெண்மணி இந்த மியூசியத்துக்குள் எங்களோடு வர மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். நான் அழுவதை நீங்கள் யாரும் பார்க்க வேண்டாம், எனக்கு ஆறுதல் சொல்லவும் வேண்டாம் என்றார். அவர் தனியாகப் போய்வந்தார். முதலில் எனக்கு அது கொஞ்சம் வருத்தமாக இருந்தது, பிறகுதான் புரிந்தது, வேதனையை விளக்கிச் சொல்லும் வேலையையும் அவர்கள் தலையிலேயே கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று. யார் எங்கே வருவது, யார் எதைப் பேசுவது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள். வரவே மாட்டேன் என்கிற கறுப்பின நண்பர் இருந்தால் ஏன் என்று குடையாதீர்கள்.

அப்புறம் நாம். இந்தப் பயணத்தில் இந்தியர்கள் வேடிக்கை பார்ப்பவர்களாகப் போக முடியாது. ஓட்டுரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6-ல் கையெழுத்தானது. நாட்டுக்கு நாடு பிரித்து வைத்திருந்த பழைய குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம் அதே வருடம் அக்டோபர் 3-ல் வந்தது, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாலத்தில் அடி வாங்கியவர்கள் உண்டாக்கிய சூழலில்தான் நமக்கும் அந்தக் கதவு திறந்தது. அதற்குப் பதிலாக அவர்களைப் பற்றி நம் வீட்டு வரவேற்பறைகளில் என்ன பேசுகிறோம், எந்த ஏரியாவில் வீடு வாங்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறோம் என்பதை நான் எழுத வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். 1959-ல் கிங் இந்தியா வந்தபோது, திருவனந்தபுரத்தில் தலித் மாணவர்கள் படித்த ஒரு பள்ளியில், தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகம் செய்தார். முதலில் அதிர்ந்துபோனேன், யோசித்தபோது ஆமாம், நான் அதுதான் என்று புரிந்தது என்று கிங்கே பின்னாளில் பிரசங்கத்தில் சொன்னார். சம்னரில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு நம் ஊர்களின் இரட்டைக் குவளைகள் நினைவுக்கு வந்தன. அதை அங்கே எல்லோர் முன்னாலும் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது.

கடைசியாக ஒன்று, இதற்கு அலபாமா போகவே வேண்டாம். நான் குடியிருப்பது அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டி. தமிழ்க் குடும்பங்கள் ஏராளம், நீங்களும் அந்தப் பக்கமாகவே இருக்கலாம். வீடு வாங்கும்போது பள்ளிக்கூட ரேட்டிங் பார்த்தோம், ஏரி பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்தோம். 1912 செப்டம்பரில் கம்மிங் ஊர்ச் சிறையிலிருந்து ராப் எட்வர்ட்ஸ் என்ற கறுப்பினத்தவரை ஒரு கும்பல் இழுத்துக் கொன்று சதுக்கத்து டெலிபோன் கம்பத்தில் தொங்கவிட்டதும், அடுத்த சில வாரங்களில் கவுண்டியில் இருந்த சுமார் 1,100 கறுப்பினத்தவரையும் மிரட்டி, வீட்டைக் கொளுத்தி விரட்டியதும், அதற்கப்புறம் கிட்டத்தட்ட முக்கால் நூற்றாண்டு அங்கே கறுப்பர் யாருமே குடியிருக்க முடியாமல் போனதும் எனக்குத் தெரியாது. 1987 ஜனவரியில் அதை எதிர்த்து ஒரு சிறு ஊர்வலம் போனபோது கல்லால் அடித்தார்கள், அடுத்த வாரம் சுமார் 20,000 பேர் வந்து நடந்தார்கள். 2021-ல்தான் எட்வர்ட்ஸுக்கு கம்மிங்கில் ஒரு நினைவுப் பலகை வந்தது. அடுத்த வருடம், விரட்டப்பட்ட குடும்பங்களின் வாரிசுகளுக்குக் கல்லூரி உதவித்தொகை கொடுக்க உள்ளூர்த் தேவாலயங்கள் சேர்ந்து ஒரு நிதி தொடங்கின. நான் பார்த்ததிலேயே மன்னிப்பு கையில் தொடக்கூடிய பொருளாக மாறிய இடம் அதுதான்.

எங்கள் இரண்டாவது குழுப் பயணத்தை அதனால் கம்மிங்கில் முடித்தோம், மான்ட்கமரி நினைவிடத்தில் ஃபோர்சைத் கவுண்டியின் தூணில் எட்வர்ட்ஸ் பெயரை வாசித்த மறுநாள் காலையில். எங்களோடு வந்த கறுப்பின நண்பர் அரை மணி நேர தூரத்தில் பிறந்து வளர்ந்தவர். இருட்டிய பிறகு அந்தக் கவுண்டிக்குள் காலெடுத்து வைக்காதே என்று பாட்டி சொன்னதை 50 வயது வரை மீறாதவர். பலகையை வாசித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, உன் வீடு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஆறு மைல் என்றேன். அன்று இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஒன்பதரை மணிக்குக் கிளம்பும்போது, நெடுஞ்சாலை வரை முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டார், போனேன். அதற்கப்புறம் நாலைந்து தடவை வந்துவிட்டார், போன தடவை துணை கேட்கவில்லை.